இருப்புப்பாதை ஈன்ற நகரம்

உணவும் உடையும் போலவே உறையுளும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு வீடு கட்டுவதே இத்துணை அரிது என்றால், ஓர் ஊரையே புதிதாகக் கட்டுவது எத்துணை அரிது! உலகில் பெரும்பாலான ஊர்கள் ஆற்றங்கரையிலோ, கடற்கரையிலோ, வணிகர் செல்லும் பெருவழியிலோ சிறுகச் சிறுக வளர்ந்தவை. பாட்டன் எழுப்பிய சுவரின்மேல் பேரன் புதுக்கூரை வேய்வான். அவன் பேரன் அதன்மேல் மாடி கட்டுவான். ஆனால், ஒரே பருவகாலத்தில், பரந்த புல்வெளியின் நடுவே, ஆயிரக்கணக்கான மக்களோடு தோன்றிய ஊர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், இருப்புப்பாதை சென்ற வழியெல்லாம் அத்தகைய ஊர்கள் முளைத்தன.

அவற்றுள் ஒன்று ஷையென் நகரம். இன்று வயோமிங் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் அவ்வூர் முதலில் எவ்வெப் பொருள்களால் கட்டப்பட்டது, அப்பொருள்கள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக மாறின என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம். ஒரு சுவர் எப்பொருளால் ஆனது என்று அறிந்தால், அதனை எழுப்பியவர் அவ்விடத்தில் எத்தனை காலம் தங்க எண்ணினார் என்பதையும் ஒருவாறு அறியலாம்.

ஊரின் தோற்றம்

1862-ஆம் ஆண்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்திற்கு ஒப்பமிட்டார். நாட்டின் கிழக்குப் பகுதியில் முன்னரே இருந்த இருப்புப்பாதைகளைப் பசிபிக் கடற்கரைப் பக்கத்தோடு இணைப்பதே அச்சட்டத்தின் நோக்கம். யூனியன் பசிபிக் என்னும் கம்பெனி, மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள ஒமாஹாவிலிருந்து மேற்கு நோக்கிப் பாதை அமைத்துச் சென்றது. சென்ட்ரல் பசிபிக் என்னும் மற்றொரு கம்பெனி, கலிபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கி வந்தது. 1869-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், யூட்டா நிலப்பகுதியில் புரோமான்டரி என்னும் இடத்தில் இருபாதைகளும் ஒன்று கூடின.

அமைத்து முடித்த ஒவ்வொரு மைலுக்கும் அரசாங்கம் கம்பெனிகளுக்கு நிலமும் கடன் பத்திரங்களும் வழங்கிற்று. கடன் பத்திரத்தின் மதிப்பு சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர். மலைத்தொடரில் மைலுக்கு 48,000 டாலர். எனவே, எவர் விரைந்து பாதை அமைக்கின்றாரோ அவருக்கே ஊதியம் மிகுதி. இவ்விரைவு பாதையோடு நில்லாமல், பாதையோரத்து ஊர்களையும் பற்றிக்கொண்டது.

1867-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், யூனியன் பசிபிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளரான கிரென்வில் டாட்ஜ் என்பவர், குரோ என்னும் ஓடையின் கரையில் ஓர் ஊருக்கு இடம் தேர்ந்தார். கடல்மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்குச் சற்று மிகுந்த உயரத்தில் அமைந்தது அவ்விடம். கிழக்கே ஒமாஹா ஏறத்தாழ 500 மைல் தொலைவு. மேற்கே பாறைமலைத் தொடரின் ஏற்றம் தொடங்குகின்றது. மலையேறும் வண்டிக்குக் கூடுதல் எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்கு நீர் வேண்டும். பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். இக்காரணங்களாலேயே அவ்விடம் ஊருக்கு ஏற்றதாயிற்று.

வீடு ஒன்றும் எழுமுன்னரே தாளில் தெருக்கள் எழுந்தன. அளவைக்காரர்கள் முளையடித்துக் கயிறு பிடித்து, இருப்புப்பாதையின் போக்கிற்கு ஒத்துச் செல்லுமாறு தெருக்களை வகுத்தனர். இன்றும் அந்நகரின் நடுப்பகுதித் தெருக்கள் திசைகளுக்கு நேராக அமையாமல், பாதையைப் பின்பற்றிச் சாய்ந்தே கிடக்கின்றன. ஊருக்கு உருவம் கொடுத்தது எது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நிலத்தின் பழைய வீடு

அப்புல்வெளி உரியவர் இல்லாத நிலம் அன்று. ஷையென் என்பதே அங்கு வாழ்ந்த தொல்குடியினரின் பெயர். வட பிளாட் ஆற்றுக்கும் ஆர்க்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம், ஷையென் மக்களுக்கும் அரப்பாஹோ மக்களுக்கும் உரியது என்று, 1851-ஆம் ஆண்டு லாரமிக் கோட்டை உடன்படிக்கையில் அமெரிக்க அரசாங்கமே ஒப்புக்கொண்டிருந்தது. புதிய ஊர் அந்நிலத்தினுள்ளேயே எழுந்தது.

அம்மக்களின் வீடு 'டீபீ' எனப்படும் கூம்பு வடிவக் குடில். நேராக நீண்டு வளரும் பைன் மரக் கழிகளை வட்டமாக நிறுத்தி, நுனிகளை ஒன்றுசேர்த்துக் கட்டி, பதப்படுத்திய காட்டெருமைத் தோலை அவற்றின்மேல் போர்த்துவர். நடுவே தீ மூட்டினால் புகை மேலே உள்ள வாய் வழியே வெளியேறும். காற்று எத்திசையிலிருந்து வீசினும், அவ்வாயின் மடிப்புகளைத் திருப்பிப் புகை உள்ளே அடையாமல் காப்பர். கூம்பு வடிவம் ஆதலால் புயற்காற்று அதில் மோதாமல் வழுக்கிச் செல்லும். அதனைச் செய்பவரும் உடையவரும் பெண்டிரே. காட்டெருமை மந்தை நகர்ந்தால், குடிலைப் பிரித்துக் குதிரைமேல் ஏற்றிக் கொண்டு அவர்களும் நகர்வர். இடம்விட்டு இடம் செல்லும் வாழ்வுக்கு அதனினும் தகுதியான வீடு அரிது.

இருப்புப்பாதை வந்த பின்னர், தோலுக்காகவே காட்டெருமைகளைச் சுட்டு வீழ்த்தும் தொழில் பெருகிற்று. தோல்களை மூட்டை மூட்டையாகக் கிழக்கே கொண்டு செல்லப் புகைவண்டியும் இருந்தது. 1880-களின் நடுவில் அவ்விலங்கு ஏறத்தாழ அற்றுப்போயிற்று. உணவும் உறையுளும் ஒருங்கே இழந்த அத்தொல்குடியினர், வேறு வேறு இடங்களில் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குச் சென்று வாழுமாறு செய்யப்பட்டனர். ஒரு நகரத்தின் கட்டடக் கலையைப் பயிலுங்கால், அது எழுதற்கு எவருடைய வீடு பெயர்ந்தது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

புல்வெளி தந்த சுவர்

வீடு கட்டுவோர் எவரும் முதலில் தம் அருகில் கிடைக்கும் பொருளையே நாடுவர். ஒமாஹாவிலிருந்து மேற்கே விரிந்து கிடக்கும் நெப்ராஸ்காச் சமவெளியில் மரம் மிக அரிது. ஆற்றோரங்களில் மட்டும் காட்டன்வுட் என்னும் மென்மரம் வளரும். அது விரைவில் உளுத்துப் போவது. எனவே, நிலம் பெற்றுக் குடியேறிய உழவர்கள் புல்தரையையே சுவராக்கினர்.

அப்புல்லின் வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணை இறுகப் பற்றியிருக்கும். அதற்கெனச் செய்த கலப்பையால் தரையைச் சீவினால், மண்ணும் வேரும் சேர்ந்த நீண்ட பட்டைகள் வரும். அவற்றை இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளாக வெட்டி, புல் கீழ்ப்புறமாக இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். இரண்டடிக்கு மேற்பட்ட பருமனுடைய அச்சுவர் கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெப்பமும் தரும், தீப்பற்றாது, செலவும் மிகச் சிறிது. ஆயினும், மழை பெய்தால் மண்கூரை ஒழுகும். பாம்பும் எலியும் சுவரில் குடிபுகும். மண் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

உழவனுக்கு உதவிய இச்சுவர் நகரத்தானுக்கு உதவவில்லை. இச்சுவர் தன் பளுவால் தானே அமிழும் இயல்பினது. அதன்மேல் மாடி எழுப்புதல் இயலாது. விலை மிக்க குறுகிய மனையில், இரண்டடிப் பருமனுள்ள சுவருக்கே இடத்தின் பெரும்பகுதி போய்விடும். மேலும், அங்கு வந்தவர் பலர் நிலைத்து வாழ வந்தவரும் அல்லர். பாதை போடும் தொழிலாளரிடம் பொருள் விற்று, அவர்கள் நகர்ந்தால் தாமும் நகர எண்ணியவர்.

துணி வீடும் ஓடும் ஊரும்

ஆதலால், ஷையென் நகரத்தின் முதற்சுவர் துணியாயிற்று. 1867-ஆம் ஆண்டுக் கோடையில், படைவீரர் கூடாரம் போன்ற கித்தான் கூடாரங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. சிலர் தரைக்கும் இடுப்பளவுச் சுவருக்கும் மட்டும் பலகை அடித்து, மேற்பகுதியைக் கித்தானால் மூடினர். கடை, உணவு விடுதி, சூதாடுமிடம், மருத்துவர் இல்லம் எல்லாம் கூடாரங்களே. ஓயாது காற்று வீசும் அவ்வுயரத்தில், அவை பகலெல்லாம் படபடத்துக்கொண்டே இருந்தன.

நவம்பர் 13-ஆம் நாள் இருப்புப்பாதை ஊரை வந்தடைந்தது. அதற்குள் அங்கு 4,000 பேருக்கு மேல் கூடிவிட்டனர். மக்கள் அவ்வூரைச் 'சமவெளியின் மாய நகரம்' என்று அழைக்கலாயினர்.

அதற்கு முன்னர்ப் பாதையின் முனையாக இருந்த ஊர், கொலராடோவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஜூல்ஸ்பர்க். பாதை ஷையெனை அடைந்ததும், ஜூல்ஸ்பர்க் மக்கள் தம் வீடுகளைக் கழற்றினர். பலகை, கதவு, சாளரம், கூடாரம், நாற்காலி, அடுப்பு அனைத்தையும் திறந்த சரக்கு வண்டிகளில் ஏற்றினர். அவ்வண்டி ஷையெனை அடைந்தபோது, ஜூல்ஸ்பர்க் ஊரே வந்து சேர்ந்துவிட்டது என்று வண்டிக் காவலர் நகையாடி அறிவித்ததாகச் சொல்வர். நகைக்கத்தக்க செய்தியே எனினும், அதனுள் ஓர் உண்மை உண்டு. அவ்வூர் மக்களுக்கு வீடு என்பது நிலத்தோடு ஒட்டியதன்று. பயணப் பெட்டியைப் போல உடன்செல்வது.

ஆணி அறைந்த வீடு

கூடாரம் வயோமிங் நாட்டுக் குளிர்காலத்தைத் தாங்காது. அடுத்துப் பலகை வீடு வந்தது. மரமற்ற சமவெளியில் பலகை எங்கிருந்து வந்தது? அதனைக் கொண்டுவந்ததும் புகைவண்டியே. மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளில் வெட்டிய வெள்ளைப் பைன் மரங்கள், ஏரி வழியே கப்பலில் சிக்காகோவை அடைந்தன. அங்கிருந்து அறுத்த பலகைகள் மேற்கே சென்றன. பின்னர், அருகிலுள்ள மலைகளின் மரங்களும் பயன்பட்டன.

அப்பலகைகளைக் கொண்டு வீடமைத்த முறை ஈண்டு அறியத்தக்கது. முற்காலத்து மரவீடுகளில் பருத்த உத்தரங்களும் தூண்களும் இருக்கும். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொரு மரத்தின் கழுந்தை அதனுள் செருகி, முளையடித்து இணைப்பர். கைதேர்ந்த தச்சர் பலர் கூடிப் பல நாள் உழைத்தாலன்றி அவ்வேலை முடியாது. 1830-களில் சிக்காகோவில் வேறொரு முறை பரவிற்று. இரண்டங்குலப் பருமனும் நான்கங்குல அகலமும் உள்ள மெல்லிய சட்டங்களைப் பதினாறு அங்குலத்திற்கு ஒன்றாக நெருக்கி நிறுத்தி, ஆணியால் அறைந்து, இருபுறமும் பலகை பொருத்திவிடுவர். பளுவை ஒரு தூண் தாங்காமல், பல சட்டங்கள் பகிர்ந்து தாங்கும். எந்திரத்தால் செய்த ஆணி மலிந்தமையாலேயே இம்முறை இயன்றது. ஊதினால் பறந்துவிடும் என்று பழைய தச்சர் இகழ்ந்து, இதனைப் 'பலூன் சட்டம்' என்றனராம். இகழ்ச்சிப் பெயரே இயற்பெயராக நிலைத்துவிட்டது. சுத்தியலும் வாளும் பிடிக்கத் தெரிந்த இருவர் இருந்தால், சில நாளில் ஒரு வீடு எழுந்துவிடும்.

இதனினும் விரைவு வேண்டியவர்க்குச் சிக்காகோவிலேயே முழு வீட்டையும் பகுதி பகுதியாகச் செய்து, எண்ணிட்டு அனுப்பினர். சில வீடுகளின் பலகைமேல் கல் போலவும் செங்கல் போலவும் வண்ணம் தீட்டியிருந்தனர். அண்மையில் சென்று தட்டிப் பார்த்தவரே அது மரம் என்று அறிவர்.

கடைத்தெருவில் மற்றொரு புதுமை தோன்றிற்று. கடையின் உடல் சிறிய ஓரடுக்கு வீடு. அதன் கூரை இருபுறமும் சரிந்தது. ஆனால், தெருவை நோக்கிய முகப்பு மட்டும் கூரையை மறைத்து, சதுரமாக உயர்ந்து நிற்கும். அதனைப் பொய்முகப்பு என்று கூறலாம். கடைப் பெயரைப் பெரிதாக எழுத அது இடம் தந்தது. ஓரடுக்குக் கடையை ஈரடுக்குப் போலக் காட்டிற்று. புதிதாக வந்தவர்க்கு இது தளர்ந்த ஊரன்று, வளரும் ஊர் என்னும் நம்பிக்கையை ஊட்டிற்று. வருங்காலத்தில் கட்ட எண்ணிய மாளிகையின் முகத்தை முன்னரே வரைந்து வைத்தது போன்றது அது.

பொறுமையின்மையின் விலை

விரைவுக்கு ஒரு விலை உண்டு. ஈரம் உலராத பலகை, சுவரில் ஏறிய பின் சுருங்கும், இடுக்கு உண்டாகும், அவ்விடுக்கின் வழியே பனிக்காற்று நுழையும். மக்கள் உட்சுவரில் செய்தித்தாள்களை ஒட்டிக் காற்றைத் தடுத்தனர். அதனினும் பெருங்கேடு தீ. பலூன் சட்டத்தில் இரு சட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடம், அடித்தளம் முதல் கூரை வரை தடையின்றிச் செல்லும். கீழே பற்றிய தீ, புகைபோக்கியில் ஏறுவதுபோல் அவ்வழியே மேலேறிவிடும். ஒட்டி ஒட்டி நின்ற பலகைக் கடைகள், ஓயாத காற்று, போதிய நீரின்மை இம்மூன்றும் சேர்ந்தால் என்னாகும்?

1870-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அது நேர்ந்தது. ஷையென் நகரின் வாணிகப் பகுதியில் தீப்பற்றித் தெருக்கள் பல சாம்பலாயின. அடுத்த ஆண்டு, 1871 அக்டோபரில், பலகை தந்த சிக்காகோவே பெருந்தீக்கு இரையாயிற்று.

ஷையென் தீயில் பொருள் இழந்தோருள் பார்னி போர்டு என்பவரும் ஒருவர். அவர் 1822-ஆம் ஆண்டில் வர்ஜினியாவில் அடிமையாகப் பிறந்த கருப்பின மகன். அடிமைத் தளையிலிருந்து தப்பி, உழைத்து உயர்ந்து, கொலராடோவிலுள்ள டென்வர் நகரில் தொழில் நடத்தினார். 1863-ஆம் ஆண்டு டென்வரில் எழுந்த பெருந்தீ அவர் கடையை எரித்தது. அவர் மனம் தளர்ந்தாரல்லர். கடன் பெற்று, அவ்வாண்டிலேயே அவ்விடத்தில் செங்கல்லால் ஈரடுக்குக் கட்டடம் எழுப்பினார். அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. 1867-இல் ஷையெனுக்கு வந்து உணவு விடுதி தொடங்கினார். 1870-ஆம் ஆண்டுத் தீ அதனையும் விழுங்கிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், அதே ஷையெனில், 'இன்டர் ஓஷன்' என்னும் பெரிய விடுதியைச் செங்கல்லால் கட்டித் திறந்தார். மரத்தை எரித்த தீ, செங்கல்லைக் கற்றுக்கொடுத்தது எனலாம். பிற்காலத்தில் கொலராடோ மக்கள் அவர் உருவத்தைத் தம் மாநிலத் தலைமைக் கட்டடத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் அமைத்துப் போற்றினர்.

நின்ற ஊரும் மறைந்த ஊரும்

செங்கல் சுவரைக் கழற்றி வண்டியில் ஏற்ற இயலாது. களிமண் பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையிட்டு, சுண்ணாம்புச் சாந்து கூட்டிக் கட்டுபவன், அவ்வூரிலேயே வாழவும் சாகவும் துணிந்தவன். அத்துணிவு எல்லா ஊர்களுக்கும் வாய்க்கவில்லை.

ஷையெனுக்கு மேற்கே, வயோமிங் வறண்ட நிலத்தில், 1868-ஆம் ஆண்டு ஜூலையில் பென்டன் என்னும் ஊர் தோன்றிற்று. ஏறத்தாழ 3,000 மக்கள் அங்குக் கூடினர். நீர் ஏறத்தாழ மூன்று மைலுக்கு அப்பாலுள்ள வட பிளாட் ஆற்றிலிருந்து வரவேண்டும். ஒரு பீப்பாய் நீரின் விலை ஒரு டாலர். பாதை மேற்கே நகர்ந்ததும், மக்களும் கூடாரங்களும் அதனுடன் நகர்ந்தனர். மூன்று மாதங்களுக்குள் ஊர் வெறுவெளியாயிற்று.

ஷையெனும் அந்நிலைக்கு அஞ்சியே இருந்தது. பாதையின் முனை லாரமிக்கு நகர்ந்தபோது மக்கள் பலர் வெளியேறினர். 1870-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எஞ்சியவர் 1,450 பேரே. ஆயினும் ஊர் அழியவில்லை. கம்பெனியின் எஞ்சின் பட்டறைகள் அங்கு இருந்தன. அருகில் படைத்தளம் இருந்தது. 1870-இல் டென்வருக்குக் கிளைப்பாதை ஏற்பட்டு, ஷையென் சந்திப்பாயிற்று. சுற்றுப்புறப் புல்வெளியில் கால்நடை வளர்ப்பு பெருகிற்று. தொழில் நின்றது, ஆகவே மக்கள் நின்றனர், ஆகவே சுவரும் நிற்கலாயிற்று. மக்கள் தொகை 1880-இல் 3,456 ஆகவும், 1890-இல் 11,690 ஆகவும் உயர்ந்தது.

கல்லில் எழுந்த உறுதி

1880-களில் ஷையென் கல்லை நாடிற்று. 1886-87-ஆம் ஆண்டுகளில் யூனியன் பசிபிக் கம்பெனி அங்குப் பெரிய புகைவண்டி நிலையம் ஒன்றைக் கட்டிற்று. அதனை வரைந்தவர் ஹென்றி வான் பிரன்ட் என்னும் கட்டடக் கலைஞர். கொலராடோவில் போர்ட் காலின்ஸ் ஊருக்கு மேற்கேயுள்ள சுரங்கத்திலிருந்து மணற்கல் வந்தது. மணற்கல் என்பது, தொன்மைக் காலத்து மணல் படிந்து இறுகிக் கல்லானது, உளிக்கு இணங்குவது, செம்மை, மஞ்சள் முதலிய நிறம் உடையது.

அந்நிலையத்தின் தடித்த சுவர்களும், கரடுமுரடாக விட்ட கல்முகமும், அரைவட்ட வளைவு வாயில்களும், உயர்ந்த மணிக்கூண்டும் காண்பவர் மனத்தைக் கவர்வன. வளைவு வெறும் அழகுக்கு அன்று. நேர்க்கல்லை வாயிலின்மேல் வைத்தால், நடுவில் பளு மிகுந்து கல் பிளக்கும். ஆப்பு வடிவக் கற்களை வளைவாக அடுக்கினால், மேலுள்ள பளு ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு நெருக்கி, இருபுறச் சுவர்களுக்கும் சென்றுவிடும். பளு மிகுந்தால் வளைவு தளராது, இறுகும். இம்முறையைப் பண்டை உரோமர் பெரிதும் கையாண்டனர். அமெரிக்காவில் ஹென்றி ரிச்சர்ட்சன் என்னும் கலைஞர் புத்துயிர் தந்தார்.

நிலையத்திற்கு நேரே, நெடுந்தெருவின் மறுகோடியில் சட்டமன்ற மாளிகை எழுந்தது. டேவிட் கிப்ஸ் என்பவர் வரைந்த அதற்கு 1887-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் கால்கோள் நடந்தது. அடித்தளத்திற்குப் போர்ட் காலின்ஸ் மணற்கல்லும், மேற்சுவருக்கு ராலின்ஸ் ஊர்ச் சாம்பல்நிற மணற்கல்லும் பயன்பட்டன. ராலின்ஸ், மறைந்துபோன பென்டனுக்கு அருகிலுள்ள ஊர். வயோமிங் மாநிலமாக ஏற்கப்பட்டது 1890-ஆம் ஆண்டு ஜூலையில்தான். மாநிலம் ஆகுமுன்னரே தலைநகர் மாளிகைக்குக் கல் அடுக்கிய ஊரின் உறுதியை என்னென்பது! பொன்னிதழ் போர்த்திய அதன் குவிமாடத்தை இன்றும் நிலையத்து வாயிலிலிருந்து காணலாம். நிலையம் இப்பொழுது பொருட்காட்சிக்கூடமாகத் திகழ்கின்றது. 2006-ஆம் ஆண்டில் அது நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இருப்புப்பாதையின் கட்டடங்களும் இவ்வழியே சென்றன. ஷையெனுக்கு மேற்கே டேல் ஓடைப் பள்ளத்தாக்கில் 1868-இல் மரப்பாலம் கட்டப்பட்டது. பலத்த காற்றில் அது அசையும். வண்டிகள் அதன்மேல் ஊர்ந்தே செல்லும். 1876-இல் அவ்விடத்தில் இரும்புப் பாலம் வந்தது. முதலில் விரைவு, பின்னர் உறுதி.

கல்லும் காவாத ஊர்

கல் இருந்தால் ஊர் நிலைக்குமோ எனின், அன்று. மலையுச்சியில் ஷெர்மன் என்னும் ஊர் இருந்தது. அதனருகே கம்பெனி, 1880 முதல் 1882 வரையில், கருங்கல்லால் அறுபதடி உயரமுள்ள கூர்ங்கோபுரம் ஒன்றை எழுப்பிற்று. அதனை வரைந்தவர் மேற்கூறிய ரிச்சர்ட்சனே. இருப்புப்பாதைக்குப் பொருளுதவி செய்த ஓக்ஸ் ஏம்ஸ், ஆலிவர் ஏம்ஸ் என்னும் உடன்பிறந்தாரின் நினைவுச்சின்னம் அது. அவருள் ஓக்ஸ், இருப்புப்பாதைப் பணத்தில் நிகழ்ந்த முறைகேடு பற்றி, 1873-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் கண்டனத்திற்கு உள்ளானவர். கல் அவர் புகழைக் காக்க எழுந்தது. வரலாறோ இரண்டையும் எழுதி வைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதை தெற்கே மாற்றப்பட்டது. ஷெர்மன் ஊர் கலைந்தது. கோபுரம் மட்டும் காற்று வீசும் வெளியில் தனியே நிற்கின்றது.

மாணவர்களே, இவற்றால் நாம் அறிவது யாது? துணி, மரம், செங்கல், கல் என்னும் இந்நான்கும் ஒன்றினும் ஒன்று உறுதியுடையன. ஆயினும் ஊரை நிறுத்துவது சுவரின் உறுதி மட்டும் அன்று. நீரில்லாத பென்டன் மரத்தோடு மறைந்தது. பாதை நீங்கிய ஷெர்மன் கல்லிருந்தும் மறைந்தது. நீரும் தொழிலும், தீயில் இழந்தும் மீண்டும் கட்டுகின்ற பார்னி போர்டு போன்றோரின் ஊக்கமும் சேர்ந்த இடத்தில்தான் கல் வீடு கட்டுவதற்குப் பொருள் உண்டாயிற்று. தோற்குடிலில் வாழ்ந்த ஷையென் மக்கள் அந்நகரத்தில் ஒரு சுவரும் விட்டுச் செல்லவில்லை. ஆயினும் மான்டானாவிலும் ஒக்லஹோமாவிலும் அம்மக்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் பெயரையே அந்நகரமும் தாங்கி நிற்கின்றது.

எனவே, பழைய ஊர் ஒன்றைக் காணும்போது அதன் அழகை மட்டும் பார்த்து நில்லாதீர்கள். இச்சுவர் எதனால் ஆனது, அப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார், இதற்கு முன் இங்கு யார் வீடு இருந்தது என்று வினவுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்குச் சுவரும் ஒரு நூலாகும்.